முறையாகப் படிக்காத மெக்கானிக் கடினமான இயந்திரப் பழுதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

பதிவு 1 – அச்சாணி

பொறியியல் படிக்காமல், தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் போகாமல், பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றுக்கொண்ட ஒருவர், படித்தவர்கள் கைவிட்ட பழுதைக் கண்டுபிடித்துவிட்டால், அவருக்குக் கைராசி என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பாராட்டுதான், ஆனால் அவர் உண்மையில் என்ன செய்தார் என்று கேட்க வேண்டிய பொறுப்பிலிருந்து அது நம்மை விடுவித்துவிடுகிறது. ஆகவே இந்த இழையில் புகழுரைகளைத் தவிர்த்து, நீங்கள் நேரில் கண்ட வேலைகளை, எதற்குப் பின் எது செய்யப்பட்டது என்ற வரிசை கெடாமல் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் பங்குக்கு ஒன்று. நான் பராமரிப்புப் பொறுப்பில் இருந்த இடத்தில், 15 குதிரைத்திறன் மோட்டாருடன் நேரடியாக இணைக்கப்பட்ட மையவிலக்குப் பம்பு ஒன்று கடுமையாக அதிர்ந்துகொண்டிருந்தது. தண்டைத் தாங்கும் பேரிங்குகளை மாற்றினோம், மோட்டார் தண்டையும் பம்புத் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கை டயல் கேஜ் வைத்து நேர்ப்படுத்தினோம், நீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரைக் கழற்றிச் சமநிலை பார்த்தோம். எதுவும் பலிக்கவில்லை. வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட வயதான பிட்டர் ஒருவர், கருவிப்பையைத் திறப்பதற்கு முன்பே, எப்போதிருந்து இப்படி அதிர்கிறது என்று கேட்டார். மோட்டாரைச் சுருள் கட்டுவதற்காக இறக்கி, மீண்டும் ஏற்றிய நாளிலிருந்து என்றோம். மோட்டார் உடலின்மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு சுவிட்சை அணைக்கச் சொன்னார். அணைத்த கணமே அதிர்வு அற்றுப்போனது. தண்டு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மறுபடி ஓடவிட்டு, மோட்டாரின் நான்கு கால் போல்ட்டுகளில் ஒன்றைச் சற்றே தளர்த்துவதும், அதைப் பழையபடி இறுக்கிய பின்பே அடுத்ததற்குப் போவதுமாக இருந்தார். மூன்றாவது போல்ட் தளர்ந்ததும் அதிர்வு ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அந்தக் காலுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இரண்டு சவரப் பிளேடுகளைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தார். தடையின்றி உள்ளே போயின. அந்தக் கனத்துக்குத் தகடு வெட்டி வைத்து இறுக்கினார்.

காரணம் கேட்டபோது, மோட்டார் முறுகிக்கொண்டு நிற்கிறது என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இது பிறவியிலேயே வந்ததா, நீண்ட பழக்கத்தில் ஊறிய உள்ளுணர்வா, அல்லது பெயர் தெரியாமலே அவர் கையாளும் ஒரு முறையா என்பதே என் கேள்வி.

பதிவு 2 – சுழலச்சு

அச்சாணி அவர்களுக்கு, அது முறைதான் என்பது என் கருத்து. மோட்டாரின் ஒரு கால் அடித்தட்டில் முழுதாகப் பதியாமல் சற்றே தூக்கிக்கொண்டு நிற்கும்போது, போல்ட்டை இறுக்கினால் கால் கீழே வரும், ஆனால் கூடவே உடலும் வளையும். உடல் வளைந்தால் நிலையான பகுதியான ஸ்டேட்டருக்கும் சுழலும் பகுதியான ரோட்டருக்கும் இடையிலுள்ள காற்று இடைவெளி ஒரு பக்கம் குறுகிவிடும். இந்த அளவு மோட்டார்களில் அந்த இடைவெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், சிறிய வளைவுகூடப் பெரிய விளைவைத் தரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காந்த இழுவிசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. குறுகிய பக்கத்தில் இழுப்பு அதிகம், எனவே மோட்டார் நொடிக்கு 100 முறை அதிர்கிறது.

இப்போது சுவிட்சை அணைத்ததன் பொருளைப் பாருங்கள். பேரிங்கிலோ கப்ளிங்கிலோ இம்பெல்லரிலோ குறை இருந்தால், தண்டு சுற்றும்வரை அதிர்வும் இருக்கும். வேகம் குறையக் குறைய மெல்லத் தேயும். மின்சாரம் அறுந்த நொடியிலேயே அதிர்வு நின்றால் காரணம் காந்தப்புலத்தைச் சார்ந்தது. நீங்கள் பணமும் நேரமும் செலவிட்ட மூன்று வேலைகளையும் அவர் ஒரே சுவிட்சால் ஒதுக்கிவிட்டார். மிச்சம் இருந்தது சுருளும் சட்டகமும் மட்டுமே. அவற்றில் எது என்பதைப் போல்ட்டுகள் சொல்லிவிட்டன.

அதற்கும் முன்னால் அவர் கேட்ட கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இயந்திரத்தில் இன்று பழுது வந்தால், இடையில் யார் எதைத் தொட்டார்கள் என்பதே நோய்முதல் நாடும் குறுக்குவழி. படித்தவர்கள் பலர் இதைக் கேட்பதில்லை, ஏனெனில் இயந்திரத்தின் வரைபடத்தில் அதன் வரலாறு இல்லை.

ஓர் ஐயம்: தகடு வைத்த பிறகு கப்ளிங்கின் நேர்நிலையை மறுபடி சரிபார்த்தீர்களா? கால் உயரம் மாறினால் அதுவும் மாறும்.

பதிவு 3 – அளவுகோல்

சுழலச்சு அவர்களின் விளக்கம் தெளிவானது. ஆனாலும் அதில் ஒரு சிறு அவசரம் இருக்கிறது. அணைத்தவுடன் அதிர்வு மறைவதற்குக் காந்தப்புலம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அடித்தட்டின் இயல்பான அதிர்வெண் ஓடும் வேகத்துக்கு மிக அருகில் இருந்தால், அதாவது ஒத்ததிர்வில் சிக்கியிருந்தால், வேகம் சற்றே இறங்கியதும் அதிர்வு சட்டென்று விழுந்துவிடும். கைக்கு அது உடனே நின்றதுபோலவே தோன்றும். கால் போல்ட்டைத் தளர்த்துவதும் அந்த இயல்பான அதிர்வெண்ணை மாற்றக்கூடியதே. ஆகவே அவர் செய்த முதல் இரண்டு சோதனைகளும் இரண்டு காரணங்களுக்கும் பொருந்தும். முடிவைத் தீர்மானித்தது பிளேடுதான். சவரப் பிளேடு ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். இரண்டு நுழைந்தால் இடைவெளி 0.2. பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலே திருத்த வேண்டும் என்பது நடைமுறை.

ஓடும் இயந்திரத்தின் கால் போல்ட்டைத் தளர்த்துவதை, இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் முதல் முறையாகத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

பதிவு 4 – அச்சாணி

கப்ளிங்கின் நேர்நிலையை மறுபடி பார்த்தோம்; மாறித்தான் இருந்தது, சரிசெய்தோம். ஒத்ததிர்வு பற்றிய குறிப்புக்கு நன்றி. அவர் பிளேடு நுழைத்தது தகட்டின் கனத்தை அறிய மட்டுமே என்று இதுவரை எண்ணியிருந்தேன். ஊகத்தை உறுதி செய்யும் மூன்றாவது சோதனையும் அதுவே என்பது இப்போது விளங்குகிறது.

பதிவு 5 – நாசில்முனை

டீசல் என்ஜின் வேலையிலிருந்து எழுதுகிறேன். என் ஆசான் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். என்ஜினின் பாகங்களுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் பாதி அவரே சூட்டியவை. நான்கு சிலிண்டர் என்ஜின் தடுமாறி ஓடினால் அவர் எதையும் கழற்றமாட்டார். முதலில் புகையைப் பார்ப்பார். கறுப்பென்றால் எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறை. நீலமென்றால் உயவு எண்ணெய் எரிகிறது. வெள்ளையென்றால் எரியாத டீசல் அல்லது உள்ளே புகுந்த தண்ணீர். இது அனைவரும் அறிந்ததே. அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒருமுறை அரைச் சுற்றுத் தளர்த்துவார். வேலை செய்யும் சிலிண்டராக இருந்தால் என்ஜினின் ஓசை உடனே தாழும்; ஓசை மாறவில்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே உழைக்கவில்லை என்று பொருள். உறுதிக்காக, புகைபோக்கிக் கிளைகள் நான்கின் மேலும் ஈரத்துணியை உதறுவார். மூன்றில் துளிகள் சீறி ஆவியாகும், ஒன்றில் மட்டும் சோம்பலாக வழியும்.

பலரும் இந்த இடத்தில் இன்ஜெக்டர் போய்விட்டது என்று சொல்லிப் புதியது வாங்கச் சொல்வார்கள். அவர் அப்படிச் செய்யாமல், உழைக்காத சிலிண்டரின் இன்ஜெக்டரையும் நன்றாக ஓடும் பக்கத்துச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் இடம் மாற்றிப் பூட்டுவார். பழுது இன்ஜெக்டரோடு சேர்ந்து இடம் பெயர்ந்தால் குற்றவாளி அதுவே. பழைய இடத்திலேயே தங்கினால் வால்வு இடைவெளி, அழுத்தக் கசிவு, பம்பின் உள்ளுறுப்பு என்று தேடல் வேறு பக்கம் திரும்பும். இதில் வாங்க வேண்டிய பொருள் ஒன்றுமில்லை. கையில் உள்ளவற்றையே ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்துகிறார்.

படித்தவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கிற இடத்தில் வேலை கற்றவர், மாற்றிப் பார்ப்பதையே சோதனையாக வைத்துக்கொள்கிறார். அது கிடைக்காத சூழலில் கற்றவர் யோசித்த பிறகே ஸ்பேனரை எடுக்கிறார். என் ஆசானுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது வறுமைதான்.

பதிவு 6 – அளவுகோல்

நாசில்முனை அவர்கள் விவரித்த குழாய் நட் தளர்த்தும் உத்தியையே என் வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். பழைய இயந்திர பம்பு கொண்ட என்ஜினில் அது நெடுங்காலமாக நடைபெறும் வழக்கம். அதே உத்தியை, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் என்ஜினில் செய்பவர் தம் கையையே இழக்கக்கூடும். அங்கே குழாய்களில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரையிலும் அதற்கு மேலும் இருக்கும். மயிரிழை போன்ற பீய்ச்சல் தோலைத் துளைத்துத் தசைக்குள் டீசலைச் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்திய தடம் மட்டுமே தெரியும், வலியும் தொடக்கத்தில் குறைவாகவே இருக்கலாம். ஆனால் அது உடனடியாக அறுவை சிகிச்சை வேண்டிய காயம். உத்தியை மட்டும் கற்று, அது எந்த எல்லைக்குள் செல்லும் என்பதைக் கல்லாதவருக்கு, வெளியில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு நட்டுகளின் வேறுபாடு தெரியாது.

இரண்டாவது, கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எட்டாத குணங்கள் உலோகத்துக்கு உண்டு. 10.9 என்று தலையில் பொறித்த போல்ட்டின் இழுவலிமை 1,000 மெகாபாஸ்கல், 4.6 போல்ட்டுக்கு 400. இரண்டும் ஒரே மரை, ஒரே நீளம், கையில் ஒரே எடை. மோட்டார் வண்டியின் கனெக்டிங் ராடில் பொருந்துகிறது என்பதற்காக அத்தகைய மெக்கானிக் மலிவான போல்ட்டைப் பூட்டி, வண்டி ஓடியும் காட்டிவிடுவார். பல நாள்கள் கழித்து அது மீண்டும் மீண்டும் ஏறும் விசையால் களைத்து முறியும்போது அவர் அருகில் இருக்கமாட்டார். கடினப்படுத்தி மென்சூட்டில் பதப்படுத்திய எஃகின்மேல் வெல்டிங் வைப்பதும் இத்தகையதே. பற்றுவைத்த இடம் உறுதியாகத் தெரியும், அதை ஒட்டிய பகுதி பதம் இழந்திருக்கும்.

மூன்றாவதாக, இத்தகைய மெக்கானிக்குகளின் வெற்றிகளைத்தான் நாம் கதையாகச் சொல்கிறோம். அவர்கள் தோற்ற வேலைகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. யாரும் அவற்றைப் பற்றி இழை தொடங்குவதில்லை.

பதிவு 7 – திருகாணி

அளவுகோல் அவர்களின் மூன்று கருத்துகளையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டம் பெற்றவர்கள் தோற்ற வேலைகளும் அதே பழைய இரும்புக் கடைக்குத்தான் போகின்றன.

பதிவு 8 – நீராவி

வரலாற்றிலிருந்து இரண்டு சான்றுகளைத் தருகிறேன், இரண்டும் இங்கிலாந்தைச் சேர்ந்தவை. ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1781-இல் பிறந்தவர். பதினெட்டு வயதை நெருங்கும்வரை எழுதப் படிக்கத் தெரியாதவர். 1811-இல் கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் நீரை வற்றவைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த நியூகோமன் வகை நீரிறைப்பு இயந்திரத்தைத் தாம் சரிசெய்வதாகக் கேட்டு வாங்கினார். அந்த வகை இயந்திரம், சிலிண்டருக்குள் குளிர்நீரைப் பீய்ச்சி நீராவியைச் சுருங்கவைப்பதால் உண்டாகும் வெற்றிடத்தில்தான் உழைக்கிறது. பீய்ச்சல் போதவில்லையென்றால் வெற்றிடமும் போதாது. அவர் கைவைத்த இடங்களில் முக்கியமானது அந்தப் பீய்ச்சல்தான். இயந்திரம் ஓடியது, சுரங்கம் வற்றியது, 1812-இல் அவர் அந்தச் சுரங்கங்களின் இயந்திரப் பொறுப்பாளர் ஆனார்.

இதைவிடச் சுவையானது 1815-இல் நடந்தது. சுரங்க வாயு தீப்பற்றாத பாதுகாப்பு விளக்கை அவரும், புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியும் ஒரே ஆண்டில் தனித்தனியே உருவாக்கினார்கள். டேவிக்கு 2,000 பவுண்டு பரிசு கிடைத்தது. கல்வியில்லாத ஒரு சுரங்கத் தொழிலாளி இதைத் தாமாகக் கண்டறிந்திருக்க முடியாது என்று டேவியின் தரப்பு எழுதியது. ஆனால் ஸ்டீபன்சனின் ஆதரவாளர்கள் விடவில்லை. அவருக்காக 1,000 பவுண்டு திரட்டினார்கள், பின்னர் 1833-இல் நாடாளுமன்றக் குழுவொன்று அவருக்கும் சம உரிமை உண்டு என்று ஏற்றது. இங்கே அளவுகோல் அவர்கள் கவனிக்க வேண்டியது, விளக்கு ஏன் பாதுகாப்பாக எரிகிறது என்பதற்கு ஸ்டீபன்சன் சொன்ன காரணம் அறிவியல்படி சரியானதன்று. விளக்கு சரியானது. அவர் வாயு கசியும் இடத்துக்கே விளக்கைக் கொண்டுபோய்ச் சோதித்து, சோதனை சொன்னபடி திருத்தினார்; கொள்கை பின்தங்கினாலும் சோதனை முன்னே போயிற்று. காரணம் தெரியாமல் கிடைத்த விடையை வேறொரு சூழலுக்கு எடுத்துச் செல்வதில்தான் ஆபத்து என்பது உங்கள் காமன் ரெயில் எடுத்துக்காட்டோடும் ஒத்துப்போகிறது.

மற்றவர் ஜான் ஹாரிசன், 1693-இல் பிறந்த தச்சர். அக்காலக் கடிகாரங்களின் தீராத நோய் எண்ணெய். நாள்பட அது தடித்து, நேரத்தைக் கெடுத்தது. கடிகாரக்காரர்கள் நல்ல எண்ணெயைத் தேடினார்கள். ஹாரிசன் எண்ணெயே வேண்டாத கடிகாரத்தைத் தேடினார். இயல்பாகவே நெய்ப்பசை கொண்ட லிக்னம் வைட்டே என்னும் கடின மரத்தில் சுழல் உறுப்புகளைச் செய்தார். பிற்காலத்தில் அவருடைய நான்காவது கடல் கடிகாரம் 1761–62 ஜமைக்கா பயணத்தில் ஏறக்குறைய இரண்டரை மாதத்துக்குப் பின் 5 நொடிகளே பிந்தியிருந்தது. முறையாகப் பயின்றவர் கற்றுக்கொடுக்கப்பட்ட கேள்விக்கே விடை தேடுகிறார். தாமாகக் கற்றவருக்குக் கேள்வியையே மாற்றத் தயக்கம் குறைவு. ஜி.டி.நாயுடு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றார் என்பது நம்மிடையே பலரும் அறிந்த செய்தி. ஆனால் அவரைப் பற்றிய கதைகளில் எது உண்மை, எது மிகை என்று பிரிப்பது கடினமாக இருப்பதால் அத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

பதிவு 9 – சுழலச்சு

நீராவி அவர்களின் பதிவோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தாமாகக் கற்ற நல்ல கைவினைஞரிடம் நான் காணும் இன்னொரு பண்பு, தம் கருவியையே சந்தேகிப்பது. மட்டப்பலகை சரியா என்று அறிய அவருக்கு இன்னொரு மட்டப்பலகை வேண்டியதில்லை. அதை ஓர் இடத்தில் வைத்துக் குமிழைப் பார்ப்பார். பின் அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைப்பார். இரண்டு முறையும் குமிழ் ஒரே பக்கச் சுவரை நோக்கி ஒரே அளவு நகர்ந்தால் சாய்வு தளத்தில் இருக்கிறது. பலகையோடு சேர்ந்து பக்கம் மாறினால் பிழை பலகையில் இருக்கிறது. மூலைமட்டத்தையும் ஒரு கோட்டின்மேல் இருபுறமும் வைத்துக் கீறிப் பார்த்தால் பிழை இரட்டிப்பாகத் தெரியும்.

முழுமையான சமதளத்தை ஒப்பிட ஒரு சமதளமும் இல்லாத நிலையிலிருந்தே உருவாக்கும் வழியும் இதே சிந்தனையின் நீட்சிதான். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சீராக்கினால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் பொருந்திவிடலாம். மூன்று தட்டுகளை எடுத்து, எந்த இரண்டை வைத்தாலும் பொருந்தும்வரை மாற்றி மாற்றிச் சுரண்டினால், மூன்றும் சமதளமாவதைத் தவிர வேறு வழியில்லை. ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் இதை 1840-இல் அறிஞர் அவையில் விளக்கினார். அதற்கு முன்பே பட்டறைகளில் இது நடந்துகொண்டிருந்தது. எழுதப்படாத அறிவை எழுதியவருக்குப் புகழ் போவது வழக்கம், அதைக் குறையாகச் சொல்லவில்லை. எழுதியிருக்காவிட்டால் நாம் இன்று பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

பதிவு 10 – திருகாணி

என் துறை கழலாதவற்றைக் கழற்றுவது. துருப்பிடித்து இறுகிய நட்டைக் கண்டதும் நீளக்குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்குபவர் போல்ட்டை முறிப்பார். முதல் வேலை, அது எந்தப் பக்கம் கழலும் என்று உறுதி செய்வது. மிதிவண்டியின் இடது மிதி, இருபுறச் சாணைக்கல்லின் இடது நட், எரிவாயு உருளை இணைப்பு ஆகியவை இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழல்பவை; எரிவாயு நட்டின் விளிம்பில் அதற்கு அடையாளமாக வெட்டுத் தடம் இருக்கும். அடுத்து, தலையில் நேராகச் சில உறுதியான அடிகள். துருவின் பிடி அதிர்ச்சியில் விரிசல்விடும். பிறகு கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில் மிகச் சிறிய திருப்பம். அது நகர்ந்த நொடியைக் கை உணர்ந்துவிடும். அதன்பின் முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று வழியமைத்து வெளியே கொண்டுவர வேண்டும். போல்ட் முறியப் போவதையும் கை முன்கூட்டியே அறியும்: விசை கூடாமலே திருப்பம் கூடினால் நட் கழல்கிறது என்று மகிழக் கூடாது, போல்ட் முறுகி நீள்கிறது, அங்கேயே நிறுத்த வேண்டும். இந்த ஒன்றை எந்தப் புத்தகமும் எனக்குக் கற்றுத் தந்திருக்க முடியாது.

சூடேற்றும்போது துளை சுருங்கும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நட்டை மட்டும் சூடேற்றினால் துளையும் சேர்ந்தே விரியும். ஆறத் தொடங்கும்போது மெழுகை மரையின் ஓரத்தில் தொட்டால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். அலுமினிய உறைக்குள் இறுகிய எஃகு பேரிங்குக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஒரு டிகிரிக்கு அலுமினியம் மீட்டருக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும், எஃகு 12. வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர் கொண்ட 6205 பேரிங்கை எடுத்துக்கொண்டால், உறையும் பேரிங்கும் சேர்ந்தே 80 டிகிரி சூடேறினாலும் துளை ஏறக்குறைய 0.046 மில்லிமீட்டர் அதிகமாக விரிந்திருக்கும். பெரும்பாலும் அந்த அளவே போதும், உறையைக் கவிழ்த்து மரக்கட்டையில் தட்டினால் பேரிங் தானாக விழும். என் மூத்தவர் இந்தக் கணக்கை அறியாதவர். உறையின்மேல் எச்சிலைத் தொட்டுவைத்து, அது சீறும் விதத்தைக் கொண்டு போதுமா என்று முடிவு செய்வார். கணக்கும் எச்சிலும் ஒரே வெப்பநிலையைத்தான் சொன்னன.

பதிவு 11 – அச்சாணி

இதுவரை வந்தவற்றைப் படித்தபின் என் முதல் கேள்வி வேறாகிவிட்டது. இது முறைதான் என்றால் அதைக் கற்றுக்கொடுக்க முடிய வேண்டும். ஆனால் இத்தகையவர்களிடம் நேராகக் கேட்டால், பார்த்தாலே தெரியும் என்ற பதிலே வருகிறது. மறைக்கிறார்கள் என்று நான் எண்ணவில்லை. இருப்பினும் அடுத்த தலைமுறை எப்படிக் கற்கும்?

பதிவு 12 – அளவுகோல்

என் அனுபவத்தில் கேள்வியின் வடிவம் தவறாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடிவதில்லை. ஏன் பேரிங் இல்லை என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். உடனே, பேரிங் என்றால் சத்தம் கரகரவென்று வரும், சுமை ஏறும்போது கூடும், உறை சூடாகும் என்று மூன்று காரணங்கள் வந்துவிழும். விலக்கியவற்றைப் பற்றிக் கேட்டால் பேசுகிறார்கள். தேர்ந்தெடுத்ததைப் பற்றிக் கேட்டால் மௌனமாகிறார்கள். அவர்களுடைய திறமைக்கு எதிரானவன் அல்லன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எதுவரை செல்லும் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பதிவு 13 – நாசில்முனை

அளவுகோல் அவர்கள் சொன்னது என் ஆசானுக்கு அப்படியே பொருந்தும். இப்போது என்னிடம் வேலை கற்கும் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் வேலைச்சீட்டில், மாற்றிய பாகம் என்ற வழக்கமான பத்திக்கு முன்னால் இரண்டு பத்திகள் சேர்த்திருக்கிறேன். ஒன்று, பழுது தொடங்குவதற்கு முன் என்ஜினில் நடந்த கடைசி வேலை. மற்றது, எதையெல்லாம் காரணமில்லை என்று விலக்கினாய், எந்தச் சோதனையால். இரண்டாவது வெறுமையாக இருந்தால் உதிரிப்பாகம் வாங்கக் கையெழுத்துப் போடமாட்டேன். தொடக்கத்தில் முகம் சுளித்தார்கள். பத்தியை நிரப்புவதற்காகவே என்ஜினைச் சற்று நேரம் நின்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

காமன் ரெயில் என்ஜின்களுக்கு நட்டைத் தொடக்கூடாது என்று சீட்டின் மேலேயே எழுதியிருக்கிறேன். அங்கே சிலிண்டரை நிறுத்திப் பார்ப்பதைச் சோதனைக் கருவி மூலம் இன்ஜெக்டரின் மின்குறிப்பைத் துண்டித்துச் செய்கிறோம். ஓசை தாழ்கிறதா என்று கேட்பது மட்டும் பழையபடியேதான். அந்தச் சீட்டின் மாதிரியை யாருக்காவது வேண்டுமென்றால் தட்டச்சு செய்து இங்கேயே இடுகிறேன்.

பதிவு 14 – அளவுகோல்

அன்புகூர்ந்து இடுங்கள். போல்ட் மாற்றப்பட்டால் அதன் தலையில் பொறித்த எண்ணையும், இறுக்கிய முறுக்குவிசை அளவையும் எழுத ஒரு பத்தி சேர்க்க இடமிருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.